டர்க்காய்ஸ் பச்சையாக மாறினால் போலியா? நியூ மெக்சிகோ நகை பற்றி ஓர் இழை

பிப்ரவரி 11, 2024: வாசகர் கேள்வி

போன வருடம் சாந்தா ஃபே போனபோது ஒரு வெள்ளி மோதிரமும் ஒரு மணிமாலையும் வாங்கினேன். இரண்டுமே டர்க்காய்ஸ் என்கிற நீலக் கல். கடைக்காரர், "செரியோஸ் சுரங்கத்துக் கல், ஆயிரம் வருடப் பழைய சுரங்கம், நியூயார்க்கின் பெரிய நகைக் கடை டிஃபனி கம்பெனியே இங்கிருந்துதான் எடுத்தது" என்றார். இப்போது மோதிரக் கல் நீலம் போய்ப் பச்சையடிக்கிறது. மாலை வாங்கிய அன்று எப்படியோ அப்படியே இருக்கிறது. என் மச்சினர், "ஒரிஜினல் கல் நிறம் மாறாது, மோதிரத்தில் ஏமாந்துவிட்டாய்" என்கிறார். அப்படியானால் மோதிரம் போலி, மாலை ஒரிஜினல் என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு: என் பதில்

மச்சினர் தலைகீழாகச் சொல்கிறார். நான் சந்தேகப்பட்டால் மாலையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்த கனிமம். செம்புத் தாது இருக்கிற பாறையில் மழைநீர் காலங்காலமாக இறங்கி, கரைத்து, விரிசல்களில் படிய வைத்தது. வறண்ட ஊர்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மேற்பரப்பிலிருந்து அதிக ஆழத்தில் இருக்காது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. தேங்காய் எண்ணெய், சோப்பு, லோஷன், வியர்வை எல்லாவற்றையும் குடிக்கும். குடித்தால் பச்சையாகும். மோதிரம் கையில் இருப்பது, கை எல்லாவற்றிலும் படுவது. அதனால் மோதிரக் கல்தான் முதலில் மாறும்.

பிசின் ஏற்றி இறுக்கிய கல் லேசில் மாறாது. பிளாஸ்டிக் மாறவே மாறாது.

பிப்ரவரி 12

ஒரு சேர்க்கை. இறுகிய நல்ல கல்லும் வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும். "மாறவில்லை, அதனால் போலி" என்று யாரும் நாளைக்கே மாலையைத் தூக்கிப் போட வேண்டாம்.

டர்க்காய்ஸின் கடினத்தன்மை, பத்து வரை போகிற மோஸ் அளவில் 5 முதல் 6 வரை. மேல்முனையில் இருப்பது கண்ணாடி மாதிரி மெருகேறும். கீழ்முனைக்கும் கீழே, சுண்ணாம்பு போல உதிர்கிற கல்லும் ஏராளமாகக் கிடைக்கிறது. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி அந்த ரகம்தான். பிசின் ஏற்றாமல் அதை அறுக்கக்கூட முடியாது. பிசின் ஏற்றுவது மோசடி இல்லை. சொல்லாமல் விற்பது மோசடி.

பிப்ரவரி 12, மாலை

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் இருக்கிறேன், வேலை கம்ப்யூட்டரில். வார இறுதியில் ஒரு பட்டறையில் வெள்ளி வேலையும் கல் அறுப்பதும் கற்றுக்கொள்கிறேன். விற்பதில்லை. விற்கிற தரத்துக்கு வரவுமில்லை.

பிப்ரவரி 14

செரியோஸ் பற்றி. சாந்தா ஃபேயிலிருந்து தெற்கே 14ஆம் எண் சாலையில் போனால் வரும் குட்டையான குன்றுகள். கடைக்காரர் சொன்ன மூன்றில் இரண்டு உண்மை. சுரங்கம் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையதுதான். அங்கே சல்ச்சிவிட்டில் என்ற குன்றை, இரும்பு என்பதையே பார்த்திராத மக்கள் கல் சம்மட்டிகளால் உடைத்து உடைத்து ஒரு பெரிய பள்ளமாக்கி வைத்திருக்கிறார்கள். கைப்பிடி கட்ட நடுவில் வரி வெட்டிய சம்மட்டிக் கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. 1850களில் வில்லியம் பிளேக் என்ற புவியியலாளர் வந்து பார்த்தபோது, உடைத்துக் கொட்டிய கல்குவியல் மேல் மரங்களே வளர்ந்திருந்தன.

டிஃபனி வந்ததும் உண்மை. 1890களில் அமெரிக்கன் டர்க்காய்ஸ் கம்பெனி அங்கே தோண்டியது, டிஃபனி அதன் பெரிய வாடிக்கை. டிஃபனியின் ரத்தின நிபுணர் ஜார்ஜ் கூன்ஸ் இந்தக் கல்லைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, அதாவது உங்கள் மோதிரத்துக் கல் அங்கிருந்து வந்தது என்பது. அதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறேன். செரியோஸில் இன்று தோண்டி வருவது சொற்பம். சாந்தா ஃபேயில் "செரியோஸ்" சீட்டோடு தொங்குகிற கற்களை எல்லாம் கூட்டினால் இன்னொரு குன்றே தேவைப்படும்.

பிப்ரவரி 14, பத்து நிமிடம் கழித்து

"டிஃபனியின் அந்த நீல டப்பா நிறமே செரியோஸ் கல்லைப் பார்த்து வைத்தது" என்று ஒருவர் போட்டிருக்கிறார். காலம் ஒத்து வரவில்லையே. டிஃபனி தன் விற்பனைப் பட்டியலின் அட்டைக்கு அந்த நீலத்தை எடுத்துக்கொண்டது 1845இல். செரியோஸ் பக்கம் வந்தது அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் கழித்து. அந்தக் காலத்தில் டர்க்காய்ஸ் நிறத்துக்கு மவுசு இருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

நேற்று முழுக்க இதே யோசனை. நிறத்துக்கும் டிஃபனிக்கும் ஒரு நிஜமான தொடர்பு உண்டு, ஆனால் வேறு வழியில்.

செரியோஸ் கல் ஒரே நிறம் இல்லை. மண் பழுப்பு, பாசிப் பச்சை, ஆப்பிள் பச்சை, வெளிர் நீலம், நல்ல ஆகாய நீலம் என்று ஒரே குன்றில் அத்தனையும் வரும். செம்பு நீலம் தரும், இரும்பு கூடினால் பச்சைக்குப் போகும். நியூயார்க் சந்தை கேட்டது கறையே இல்லாத ஆகாய நீலம் மட்டும். பாரசீகத்து நிஷாபூர் கல்லைப் பார்த்துப் பழகிய கண் அது. பச்சை கழிவுக்குப் போனது.

இந்தப் பகுதியின் பழங்குடிகளான புவெப்லோ மக்கள் அப்படிக் கழிக்கவில்லை. பழைய மணிகளில் பச்சையும் நீலமும் கலந்தே இருக்கின்றன. எனக்கும் இப்போது பச்சைதான் பிடிக்கிறது. வந்த புதிதில் நானும் நீலம் தேடித்தான் அலைந்தேன். ஊரில் ராசிக்கல் விற்பவர் காட்டினாலும் அதே மொழுமொழு நீலத்தைத்தான் காட்டுவார். அதில் பாதி கல்லே கிடையாது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: பச்சையானதால் தரம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 18

சாக்கோ பள்ளத்தாக்கு பற்றிக் கேட்டவருக்கு. செரியோஸிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 200 கி.மீ. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரை செழித்த இடம். புவெப்லோ போனிட்டோ என்று நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட ஒரு மாபெரும் கட்டடம். அதில் 33ஆம் எண் அறையை 1896இல் ஜார்ஜ் பெப்பர் தோண்டினார். ஆறடிக்கு ஆறடி தேறுகிற சின்ன அறை. அதில் 14 பேரின் எலும்புகள், கூடவே ஆயிரக்கணக்கில் டர்க்காய்ஸ் மணிகளும் தொங்கல்களும். 2017இல் வந்த மரபணு ஆய்வு, அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒன்பது பேர் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள் என்றது. நூற்றாண்டுக் கணக்கில் ஒரே குடும்பத்துப் பெண்வழி, அந்த ஒற்றை அறை.

அந்த எலும்புகளை எடுத்தது, வைத்தது, ஆய்வு செய்தது எல்லாவற்றிலும் இன்றைய புவெப்லோ மக்களுக்கு மனத்தாங்கல் உண்டு, அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சாக்கோ கல் முழுக்க செரியோஸ் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐசோடோப் பரிசோதனை, அதாவது கல்லில் இருக்கிற தனிமங்களின் அணு வகைகளை அளந்து பார்ப்பது, வந்த பிறகு கதை மாறியது. செரியோஸ் கல்லும் இருக்கிறது. கொலராடோ, நெவாடா பக்கத்துக் கல்லும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு மலையே இருந்தும் அவ்வளவு தூரத்திலிருந்து கல் வந்திருக்கிறது. ஆய்வகத்தில் செம்பு, ஹைட்ரஜன் ஐசோடோப்பை அளந்து பார்த்துத்தான் இதைச் சொல்ல முடிகிறது. கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார். அவர் கண்ணுக்குத்தான் காசு.

பிப்ரவரி 18

"மெக்சிகோவின் அஸ்டெக் முகமூடிகளுக்கும் இங்கிருந்துதான் கல் போனது" என்பதற்கு. அதுவும் பழைய பாடம். 2018இல் அஸ்டெக், மிக்ஸ்டெக் கற்களின் ஈயமும் ஸ்ட்ரோன்ஷியமும் அளந்து பார்த்தார்கள். அவை மெக்சிகோப் பக்கத்து மண்ணோடுதான் பொருந்தின, இங்கத்தியதோடு பொருந்தவில்லை.

பிப்ரவரி 20

சாந்தா ஃபே சதுக்கத்தில் ஆளுநர் மாளிகை என்று 1610இல் எழுப்பத் தொடங்கிய மண் கட்டடம் ஒன்று உண்டு. அதன் தாழ்வாரத்தில் சுவரோரமாக, தரையில் துணி விரித்து வரிசையாக நகை வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. தினம் காலையில் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள். பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், தானோ தன் வீட்டாரோ செய்ததாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நகையிலும் தன் முத்திரை இருக்க வேண்டும்.

அங்கே ஒரு பெரியவரிடம் ஒரு மோதிரத்தை எடுத்து, "இது எந்தச் சுரங்கம்?" என்று கேட்டேன். மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "டீலரிடம் வாங்கினேன், கிங்மன் என்று சொன்னான்" என்றார். கிங்மன் அரிசோனாவில் இருக்கிறது, இன்னும் தோண்டுகிறார்கள். பிறகு மோதிரத்தைக் கவிழ்த்து முத்திரையைக் காட்டி, "இது நான்" என்றார். கல்லைப் பற்றி அவ்வளவு அசிரத்தையாகப் பேசியவர் வெள்ளியைப் பற்றி ஆரம்பித்தபோது நிறுத்தவில்லை. எந்த அச்சைத் தன் மாமா பழைய கார் வால்வில் செதுக்கிக் கொடுத்தார், எந்த அச்சைத் தானே செய்தார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். செய்தவர் சுரங்கப் பெயரைத் தயங்கித்தான் சொல்கிறார். விற்பவர்தான் அதைச் சத்தமாகச் சொல்கிறார். கல் இயற்கையானதா, எங்கே தோண்டியது, யார் கை செய்தது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. "ஒரிஜினலா?" என்று ஒரே வார்த்தையில் கேட்டால், மூன்றில் எதற்கு ஆமாம் என்கிறார் என்று அவருக்கே வசதிப்படி வைத்துக்கொள்வார். நான் கேட்பதெல்லாம் மூன்றாவதைத்தான்.

பிப்ரவரி 21

ஒருவர் கொஞ்சம் கோபமாக: "சுரங்கப் பெயர் முக்கியமில்லையா? லேண்டர் ப்ளூ கல்லுக்கு ஏன் அப்படி விலை?"

முக்கியம்தான், சேகரிப்பவர்களுக்கு. லேண்டர் ப்ளூ நெவாடாவில் ஒரு சின்னஞ்சிறு இடம். 1970களில் கண்டுபிடித்துச் சீக்கிரமே தீர்ந்து போனது. கறுப்பு வலைக்கோடு போட்ட நீலம். கல் குறைவு என்பதால் விலை ஏறியது, விலை ஏறியதால் அந்தப் பெயரில் வேறு கல் வந்தது. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி 2012இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்தியது. அந்தத் தெளிந்த நீலத்துக்கும் அதே கதை. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வருகிற கல்லில் அருமையான ரகங்கள் உண்டு. அதை ஹூபே என்று சொல்லி விற்றால் ஒரு விலை, நெவாடா என்றால் இன்னொரு விலை. கல் அதேதான்.

யார் யாரிடமிருந்து வாங்கினார் என்ற சங்கிலி காகிதத்தில் இருந்தால் சுரங்கப் பெயருக்குக் காசு கொடுங்கள். வாய்வார்த்தைக்கு வேண்டாம்.

பிப்ரவரி 24

பட்டறையில் இன்று ஒரு துண்டு அறுத்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கரட்டுக் கல் பார்க்க ஒன்றுமே இல்லை, பழுப்புப் பாறையில் பச்சைப் பாளம் ஓடும், அவ்வளவுதான். பாளம் பல சமயம் சில மில்லிமீட்டர் கனம்தான். அதனால் அறுத்ததும் அடியில் எப்பாக்ஸி பூசி முட்டுக் கொடுப்பார்கள். இது இங்கே எல்லோரும் செய்வது, போலி என்று அர்த்தமில்லை. காய்ந்த பிறகு ஒரு குச்சி நுனியில் அரக்கு உருக்கி அதில் கல்லை ஒட்டி, தண்ணீர் சொட்டுகிற சாணைச் சக்கரத்தில் பிடிக்க வேண்டும். விரலெல்லாம் வெளிர்நீலச் சேறு. ஈரத்தில் கல் காட்டுகிற நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, காய்ந்ததும் இரண்டு படி வெளுத்துவிடும். விற்பவர்கள் கரட்டுக் கல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

முகமூடி இல்லாமல் சாணை பிடிக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நாக்கில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு பழைய சோதனை உண்டு. பிசின் ஏற்றாத மெத்துக் கல் நாக்கில் லேசாக ஒட்டும். நான் செய்து பார்த்தேன், ஒட்டியது. கடையில் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பிப்ரவரி 25

"ஆயிரம் வருடப் பாரம்பரியம்" என்ற சொல்லைப் பற்றி. இங்கே இரண்டு காலத்தைக் குழப்பிக்கொள்கிறோம்.

கல்லை மணியாக்கிக் கோப்பதும், சிப்பி மேல் துண்டு துண்டாக ஒட்டிப் பதிப்பதும்தான் ஆயிரம் வருடப் பழையவை. வெள்ளியில் டர்க்காய்ஸ் பதித்த மோதிரம் புதுசு. நவஹோ பழங்குடி மக்களில் முதல் கொல்லர் என்று சொல்லப்படும் அட்சிடி சானி, ஒரு மெக்சிகோக் கொல்லரிடம் முதலில் இரும்பு வேலை கற்றார். 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் போஸ்கே ரெதோந்தோ என்ற முகாமில் அடைத்தது. 1868இல் திரும்பி வந்த பிறகுதான் வெள்ளி வேலை பரவியது. டாலரையும் மெக்சிகோ பெசோவையும் உருக்கினார்கள். தோல் வேலைக்கு மெக்சிகோக்காரர்கள் வைத்திருந்த அச்சுகளைப் பார்த்து வெள்ளிக்கு அச்சு செய்தார்கள். வெள்ளியில் டர்க்காய்ஸ் ஏறியது 1880ஐ ஒட்டி. ஸூனி என்ற புவெப்லோ மக்கள் நவஹோக்காரர்களிடம் கற்று, பிறகு கல் பதிப்பில் அவர்களையே தாண்டிப் போனார்கள். ஊசி மாதிரி மெலிந்த கற்களை நூற்றுக்கணக்கில் ஒரே வளையலில் பதிக்கிற வேலை ஸூனிகளுடையது. வெள்ளித் தகட்டில் உருவம் வெட்டி இன்னொரு தகட்டின் மேல் பற்றவைத்து அடிப்பக்கத்தைக் கறுக்க விடுகிற ஹோப்பி பழங்குடியினரின் பாணி இன்னும் புதுசு, 1940களில் நிலைபெற்றது.

அந்தப் புகழ்பெற்ற பிறை வடிவத் தொங்கல் இருக்கிறதே, நாஹா, அது ஸ்பானியக் குதிரையின் நெற்றியில் தொங்கியது. ஸ்பானியருக்கு வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்களிடமிருந்து வந்தது. இப்போது அதைவிட நவஹோ அடையாளம் வேறில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கையில் எடுத்ததைத் தன்னுடையதாக்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 27

1680இல் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த புவெப்லோ கிளர்ச்சி, செரியோஸ் சுரங்கம் இடிந்ததால் வந்தது என்கிற கதையை யாராவது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், போட்டாகிவிட்டது. ஸ்பானியர் அடிமைகளாக இறக்கி, சரிவில் அவர்கள் புதைந்து, ஊரே பொங்கி எழுந்தது என்று. சுற்றுலாக் கையேடுகளுக்குப் பிடித்த கதை. வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஸ்பானியருக்கு டர்க்காய்ஸில் பெரிய ஆசை இல்லை, அவர்கள் தேடியது வெள்ளி. கிளர்ச்சிக்குக் காரணம் தேடச் சுரங்கத்துக்குள் போக வேண்டியதில்லை. கட்டாய வேலை, வறட்சி, பஞ்சம், வழிபாட்டுத் தடை எல்லாம் மேலேயே இருந்தன. 1675இல் சமயத் தலைவர்கள் 47 பேரைப் பிடித்துக் கசையடி கொடுத்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். அடி வாங்கித் திரும்பியவர்களில் ஒருவர்தான் ஐந்து வருடம் கழித்து எல்லா ஊர்களையும் ஒன்று சேர்த்த போப்பே.

செரியோஸ் குன்றுகளில் புவெப்லோ மக்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது, ஈயத் தாது. மண்பாண்டத்தில் பளபளக்கும் கோடு போட அதைத்தான் அரைத்துப் பயன்படுத்தினார்கள். டர்க்காய்ஸ் புகழில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மார்ச் 2

அம்மா வந்திருந்தபோது என் வெள்ளி வளையலை வாங்கிப் பார்த்தார். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முதல் கேள்வி: "இதை வச்சா எவ்வளவு கொடுப்பான்?"

சிரித்தேன், ஆனால் இந்த ஊருக்கு அது பொருத்தமான கேள்வி. அந்தக் காலத்தில் நவஹோ குடும்பங்களின் சேமிப்பே நகைதான். கம்பளி வெட்டும் பருவம் வரும்வரை வணிகச் சாவடியில் வளையலையும் இடுப்புப் பட்டையையும் அடகு வைத்து மாவு, காபி, சர்க்கரை வாங்குவார்கள். விழா வந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்து வைப்பதும் உண்டு. தவணை தப்பினால் முழுகிப்போகும். அப்படி முழுகிய நகைக்குத்தான் இன்று "பழைய அடகு" என்று பெயர் போட்டு இரட்டை விலை. சுற்றுலாவுக்கென்று செய்ததைவிட அது கனமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டது. ஆனால் யாரோ ஒருவர் மீட்க முடியாமல் போனது என்பதையும் அந்தச் சீட்டில் எழுதலாம். நேற்று செய்த மோதிரத்துக்கும் அந்தச் சீட்டுக் கட்டி ஒரு நெடுஞ்சாலைக் கடையில் என்னிடம் காட்டினார்கள், அது வேறு.

அம்மாவின் கணக்குப்படி கல்லைக் கழித்து வெள்ளியை மட்டும் எடை போட்டால் வளையல் ஒன்றும் தேறவில்லை. "கல்லுக்குக் கொடுத்த காசு தண்ணியில போட்டது" என்று தீர்ப்பு.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் மாலையின் படம் அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் "ஹீஷி" என்று சொன்னாராம்.

ஹீஷி என்பது கேவா புவெப்லோவின் கைவேலை. சான்டோ டொமிங்கோ என்பது அந்த ஊரின் பழைய பெயர். செரியோஸுக்குப் பக்கத்து ஊர், அந்தக் குன்றுகளோடு தலைமுறை தலைமுறையாக உறவுள்ளவர்கள். சிப்பியையோ கல்லையோ சின்னச் சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் துளையிட்டு, கம்பியில் நெருக்கிக் கோத்து, அந்தக் கம்பியையே உரைகல்லில் உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். எல்லா மணியும் ஒன்றாக உருண்டு ஒரே குழாய்போல வரும். முன்பு துளையிட்டது மேலும் கீழும் அழுத்தினால் சுழலுகிற குச்சித் துளைப்பான், இப்போது மோட்டார். நல்ல ஹீஷியை விரலிடுக்கில் இழுத்தால் எங்கேயும் இடறாது.

உங்கள் படத்தில் மணிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. ஒரு வேலை செய்யுங்கள். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணியின் துளைக்குள் பாருங்கள். சாயம் வெளியே இருக்கும், உள்ளே ஏறியிருக்காது. துளைக்குள் வெள்ளை தெரிந்தால் அது சாயம் போட்ட ஹவ்லைட் அல்லது மேக்னசைட் என்ற வெள்ளைக் கல். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து மறைவான ஒரு மணியைத் துடைத்தும் பார்க்கலாம். சூடான ஊசி வைக்கச் சொல்லி யாரோ எழுதியிருக்கிறார்கள், வேண்டாம். உண்மையான கல்லாக இருந்தாலும் வடு விழும்.

மார்ச் 6

துளைக்குள் வெள்ளை, பஞ்சில் நீலம் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், மோதிரப் படமும் அனுப்பியிருக்கிறார். மாலை சாயம் போட்டதுதான். மச்சினரிடம் சொல்ல வேண்டாம்.

மோதிரத்தின் உட்பக்கம் ஸ்டெர்லிங் வெள்ளி முத்திரையும் இரண்டு எழுத்தும் தெரிகின்றன. கல்லைச் சுற்றிய மெல்லிய வெள்ளிப் பட்டையின் விளிம்பு ரம்பப் பல் போல வெட்டியிருக்கிறது, பற்றவைத்த இடம் ஒரு பக்கம் லேசாகத் தடித்திருக்கிறது. கை வேலையாகத்தான் தெரிகிறது. யார் கை என்பதை அந்த இரண்டெழுத்தை வைத்துத் தேட வேண்டும். எழுத்து முத்திரையை யாரும் வெட்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 9

வாக்குவாதம் போலியைச் சுற்றியே போகிறது. எல்லாப் போலியும் ஒரே ரகம் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த நகையே டர்க்காய்ஸ் பஞ்சத்தில் பிறந்தது. 1930களின் பெருமந்தத்தில் கல் வாங்கக் காசில்லாத கேவா குடும்பங்கள் பழைய கார் பேட்டரியின் கறுப்பு ரப்பர்க் கூட்டை அறுத்தார்கள். உடைந்த கிராமபோன் தட்டை அறுத்தார்கள். சிவப்புக்கு பிளாஸ்டிக் சீப்பு, வெள்ளைக்கு ஜிப்சம். நடுவில் இடிப்பறவை உருவம், அதன் மேல் கடுகளவு டர்க்காய்ஸ் சில்லுகள். சுற்றுலாப் பயணிகளிடம் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். இன்று அதைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். மேலே சொன்ன உரைகல், அதே துளைப்பான், அதே விரல்கள். பேட்டரிக் கூடு என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

மார்ச் 10

"நானே இந்த டிசைனில் செய்து ஆன்லைனில் விற்கலாமா?"

அமெரிக்காவில் 1990இல் வந்த இந்தியக் கலை, கைவினைச் சட்டம் சொல்வது இது: பழங்குடியினர் செய்ததாக எண்ண வைத்து, அப்படியில்லாததை விற்கக் கூடாது. முதல் தடவைக்கே தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. 2015இல் நியூ மெக்சிகோவில் மத்திய அதிகாரிகள் பல கடைகளில் சோதனை போட்டார்கள். பிலிப்பைன்ஸில் மொத்தமாகச் செய்து இறக்கிய வெள்ளியும் டர்க்காய்ஸும் இங்கே நவஹோ, ஸூனி என்று விற்றுக்கொண்டிருந்தது. வழக்கில் ஒருவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அப்படி இறக்குமதியாகும் நகையில் எந்த நாடு என்று அழியாமல் பொறிக்க வேண்டும் என்பது சுங்க விதி. அதற்கும் வழி கண்டுபிடிக்கிறார்கள்.

சட்டம் "இந்தியர்" என்பது நம்மை இல்லை. கும்பகோணத்துப் பாஸ்போர்ட்டைக் காட்டி "இந்தியர் செய்தது" என்று பலகை மாட்டலாமே என்று பட்டறையில் ஜோக் அடித்தோம். உள்ளே போக வேண்டியதுதான்.

உங்கள் பெயரில், உங்கள் வேலை என்று சொல்லி விற்பதைச் சட்டம் தடுக்காது. ஆனால் ஸூனிக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாகச் செய்கிற உருவத்தை அப்படியே எடுத்துச் செய்வதற்கு எனக்குக் கை வரவில்லை. கல் அறுக்கவும் பட்டை கட்டவும் கற்றுக்கொண்டது போதும். வடிவத்துக்கு ஊர் கோலம், ஓலைப் பின்னல், சலங்கை என்று என்னிடமே சரக்கு இருக்கிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் பட்டறையிலேயே இருக்கிறார்கள். நாஹாவே குதிரையிடமிருந்து வந்ததுதானே என்பார்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முந்நூறு டாலர் மோதிரத்தின் இடத்தில் என் முப்பது டாலர் மோதிரம் விற்றால் யாருக்கு வியாபாரம் போகும் என்று மட்டும் யோசிக்கிறேன்.

மார்ச் 16

போகிறவர்களுக்காகக் கடைசியாகக் கேட்டதற்கு. செரியோஸ் குன்றுகள் இப்போது மாநிலப் பூங்கா. பழைய சுரங்க வாய்களைப் பார்த்தபடி நடக்கப் பாதை இருக்கிறது, கம்பி வலை போட்டு மூடியிருப்பார்கள். சல்ச்சிவிட்டில் குன்று தனியார் நிலம், சும்மா ஏறிப் போக முடியாது. பூங்காவில் கல் பொறுக்கக் கூடாது. கோடையில் நிழலே கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நகை வாங்குவதென்றால் காலையிலேயே சாந்தா ஃபே தாழ்வாரத்துக்குப் போங்கள். செய்தவரிடம் பெயர் எழுதி வாங்குங்கள், கல்லுக்குப் பிசின் ஏற்றியதா என்று நேராகக் கேளுங்கள், சொல்வார்கள். அநியாயத்துக்குப் பேரம் பேசாதீர்கள்.